பூசாத சுவர்

இன்று லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கடைக்கார அண்ணை போனில் ஒரு படத்தைக் காட்டினார். பிரான்சில், ஏதோ ஒரு நாட்டுப்புறத்தில், புதுப்பித்த பழங்காலக் கல்வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார்.

"சுவரில என்ன அண்ணை, இவ்வளவு ஓட்டை?"

"உலகப்போரில துப்பாக்கிச் சூடு பட்டதாம். வீட்டைத் திருத்தின ஆக்கள் வேணுமெண்டே பூசாமல் விட்டவையாம். அது சரித்திரமாம். நாங்களும் பூசக்கூடாதெண்டு சட்டம்."

"உங்கட யாழ்ப்பாணத்து வீட்டிலயும் இருந்ததெல்லோ?"

"ஓம். இடம்பெயர்ந்து திரும்பிப் போன அண்டைக்கே சீமெந்து குழைச்சுப் பூசிப்போட்டன்."

அதைச் சொல்லிவிட்டு, கறிவேப்பிலையைப் பையில் போட்டுத் தந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

ஊரில் எங்கள் வீட்டுச் சுவரிலும் ஓட்டைகளைப் பூசினோம். மேலே வெள்ளையும் அடித்தோம்.

உங்களில் யாராவது சரித்திரத்தைப் பூசாமல் வைத்திருக்கிறீர்களா?