சுவரில் கொழுந்து பறித்த பெண்கள்

ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடித்தால் ஒரு வாசம் வரும் பாருங்கள்... புதுப் பெயின்டும் பழைய அடுப்புப் புகையும் கலந்து மூக்குக்குள்ளேயே குடியிருக்கும். லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், எங்கள் வீட்டு முன் அறையான காம்பராவில் அந்த வாசம் அடித்த வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

மகள் துர்கா அப்போது ஆசிரியர் பயிற்சிக்காகக் கல்லூரி ஹொஸ்டலில் இருந்தாள். ஒருநாள் போனில், "அப்பா, லீவுக்கு வரும்போது என் கூட்டாளி சாம்பவியையும் கூட்டிட்டு வாறேன். யாழ்ப்பாணத்துப் புள்ள" என்றாள். அப்புறம் சற்று நேரம் பேச்சில்லை. "ஒண்ணும் பெருசா செய்ய வேணாம்பா" என்று வைத்துவிட்டாள்.

அந்தச் சற்று நேரம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏன் பேசாமல் இருந்தாள்? வீட்டை நினைத்தாளா?

நான் படித்தது ஒன்பதாம் ஆண்டு மட்டும். ஓட்டுவது த்ரீவீல் ஆட்டோ. ஆனால் கவலைப்படுவதில் டிகிரி முடித்தவன். உடனே பெயின்ட் வாங்கி அடித்தேன். அடித்த பிறகுதான் சுவர் எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்தது. முன்பு புகைக்கறையாவது இருந்தது.

அந்த வாரம் கொழும்புக் குடும்பம் ஒன்றை நுவரெலியாவில் ஒரு கைவேலைக் கடைக்குக் கூட்டிப்போனேன். வெளியே தூறல், அதனால் நானும் உள்ளே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு... கோயில் மாதிரி அமைதியாக இருந்தது, என்ன செய்ய. உள்ளே எல்லோரும் சப்பாத்தோடு நின்றார்கள்.

ஐயோ, அந்தச் சாமான்கள்! ஆற்றுக் கல்லில் வரைந்த குருவி. செய்தவரின் விரல் தடம் அப்படியே பதிந்திருக்கிற சின்ன மண் கோப்பை. தேயிலை வேரை வழவழவென்று தேய்த்து, அதன் மேல் பல்பு மாட்டிய விளக்கு. அந்த வேரை நாங்கள் அடுப்பில் வைப்போம்! எங்களுக்குச் சுவர் என்றால் சாமி படமும் கலண்டரும்தான். அழகுக்காக மட்டும் ஒரு பொருளை வீட்டுக்கு வாங்கலாம் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மூலையில் தொங்கியது அது. பழைய சேலைத் துண்டுகளை வெட்டித் தைத்த படம். மூன்று பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கிறார்கள். முகத்தில் கண், மூக்கு எதுவும் இல்லை. ஆனால் நடுவில் இருப்பவள் இடுப்பைச் சாய்த்து நிற்கிற விதம் அப்படியே என் வீட்டுக்காரி சரோஜா. பச்சை நூல் முடிச்சு முடிச்சாகத் தேயிலைச் செடி. தடவிப் பார்த்தேன். வாங்கிவிட்டேன். விலையைக் கேட்காதீர்கள், சரோஜாவும் இதைப் படிப்பாள்.

கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்த சரோஜா தலைத் துணியைக்கூட அவிழ்க்காமல் அதைப் பார்த்தாள்.

"ஏங்க, நாள் பூரா மலையில நின்னுட்டு வாறேன். வீட்டுக்கு வந்தா செவத்துலயும் நான்தான் நிக்கணுமா? ஒரு பூ, ஒரு மயிலு கிடைக்கலயா உங்களுக்கு?"

"கலை புள்ள இது."

"கலைதான். அத அட்டைப்பூச்சி கடிக்காதுல்ல."

ஞாயிற்றுக்கிழமை, மகள் வருகிற அன்று, ஆணி அடித்து மாட்டினேன். சரோஜா பின்னால் நின்று மெல்லக் கேட்டாள்.

"அம்மா கொழுந்து பறிக்கிறான்னு புள்ள அங்க சொல்லியிருப்பாளா? சொல்லாம இருந்திருந்தா...? நீங்க நோட்டீஸ் ஒட்டுன மாதிரி மாட்டி வச்சிருக்கீங்களே."

இதை நான் யோசிக்கவே இல்லை. போனில் அவள் பேசாமல் இருந்தது இதற்குத்தானா?

படத்தைக் கழற்றி, அவசரமாக ஆணியைப் பிடுங்கினேன். ஆணி தனியாக வரவில்லை. லயத்துச் சுவர் அல்லவா... சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்து, உள்ளே கருங்கல் தெரிந்தது.

"இதையும் கலைன்னு சொல்லுங்க" என்றாள் சரோஜா.

அந்த ஓட்டையை மறைக்கிற அளவுக்கு வீட்டில் இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். மேலே இன்னொரு ஆணி அடித்து அதையே திரும்ப மாட்டிவிட்டு, வட்டகொடை ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது கண்ணாடியில் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். "அப்பா, ரோட்டப் பாருங்க" என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்த சாம்பவி நேரே அந்தச் சுவரிடம்தான் போனாள். சரோஜா அடுப்படி வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துர்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அன்ரி, இதைத்தான் இவள் ஹொஸ்டல்ல செய்து காட்டினவள்! துவாயைத் தலையில போட்டு, பேக் வாரை அதுக்கு மேல மாட்டி, 'எங்கம்மா இப்படித்தான் கொழுந்து பறிப்பாங்க' எண்டு. நாங்கள் எல்லாரும் செய்து பாத்தனாங்கள். எனக்குக் கழுத்துப் பிடிச்சுப்போட்டுது."

"ஏய், சும்மா இரு!" என்று துர்கா அவள் முதுகில் ஓர் அடி போட்டாள். "அம்மா, கேலி பண்ணலம்மா. இவ வந்து இதத்தான் உளறுவான்னு எனக்குப் போன் பேசுனப்பவே பயம்."

சரோஜா மகளையே பார்த்தாள். "எங்க, எனக்கும் காட்டு பார்ப்போம்."

துர்கா பேக்கை முதுகில் தொங்கவிட்டு, வாரைத் தலையில் மாட்டி, இடுப்பைச் சாய்த்து, காற்றில் கொழுந்து கிள்ளினாள்.

"இப்படிப் பறிச்சா கங்காணி அரை நாள் பேருதான் போடுவாரு, பாதிச் சம்பளம்தான்" என்று சொல்லிச் சிரித்த சரோஜாவுக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை. நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப் மாதிரி ஒரு பெரிய மூச்சு விட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது துர்கா கொழும்பில் படிப்பிக்கிறாள். வாடகை அறை. இரவில் வீடியோ கோலில் வருவாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், அதில் ஒன்றுமே இல்லை. அந்த வீட்டுச் சொந்தக்காரர் எதுவும் மாட்ட விடமாட்டாராம். இந்தப் பக்கமும் கைவேலைக் கடைகள் வந்துவிட்டன. போகும்போதெல்லாம் அவளுக்கென்று ஒன்றை எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வருகிறேன்.

அங்கே அவளைப் பார்க்க யார் வருகிறார்கள், யாரோடு உட்கார்ந்து சிரிக்கிறாள்... கேட்டால், "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்பாள்.

அவள் பேசிக்கொண்டே இருப்பாள். நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.