மயில்துத்தத்துக்குள் வெள்ளம்

காலை 9.50. ஆய்வகக் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, நடு மேசையில் செய்தித்தாள் மேல் கொட்டி வைத்திருந்த மயில்துத்தம். ஜன்னல் வெயில் பட்டு அதன் நீலம் கண்ணைக் கூச வைத்தது.

சின்னமனூரில் பத்தாம் வகுப்பு சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டத்தில், மலையாளப் பள்ளி. அப்பாவும் அம்மாவும் அங்கே ஏலத்தோட்டத்திலேயே இருந்தார்கள். நான் கீழே சித்தி வீட்டில்.

செய்முறை வகுப்பில் மேசைக்கு இருவர். எங்கள் வகுப்பு ஒற்றைப்படை, மிஞ்சியவள் நான். ஏதாவது ஒரு ஜோடியின் பின்னால் நின்று, அவர்கள் செய்வதைப் பார்த்து எழுதிக்கொள்வேன். அன்று ஓடைப்பட்டியிலிருந்து வரும் ஒரு பெண்ணின் ஜோடிக்குக் காய்ச்சல். டீச்சர் என்னை அவள் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"இது எங்க வீட்ல மூட்டையா கெடக்கு. சுண்ணாம்போட கலக்கித் திராட்சைக்கு அடிப்பாக" என்றாள். பிறகு எதிர் மேசையிடம் இடுக்கி கேட்டாள். டெஸ்ட் டியூபைத் தீயில் பிடிக்கும் கருவிக்கு இந்தப் பள்ளியில் அதுதான் பெயர்.

"ஒம் பக்கத்துலயே ஒரு இடுக்கி ஒக்காந்திருக்கேடி" என்றது எதிர் மேசை.

அவள் சிரிக்கவில்லை. "வாய மூடிட்டுக் குடு" என்றாள். இனி இவள் பக்கத்திலேயே உட்கார முடியுமா என்று அப்போதுதான் நினைக்க ஆரம்பித்தேன்.

சூடேறச் சூடேற நீலம் வெளுத்து, வெள்ளைப் பொடியானது. குழாயின் மேல் பக்கம் துளிகள் படிந்தன. அது என்ன என்று டீச்சர் கேட்டார். கையைத் தூக்கினேன்.

"வெள்ளம்."

வீட்டில் தண்ணி என்றுதான் சொல்வோம். வகுப்பில் எழுந்து நின்றால் மட்டும் மலையாளம் வந்துவிடும். அந்த மொழியில் தண்ணீருக்கு அதுதான் பெயர்.

கடைசி மேசைப் பையன் ஒருவன், "ஏலே, மேல அணையத் தொறந்துட்டாக. கால தூக்குங்கடா" என்றான். வகுப்பே ஸ்டூலில் இருந்தபடி காலைத் தூக்கியது. அவளும் தூக்கினாள்.

சிரிப்பு அடங்கும்வரை டீச்சர் காத்திருந்தார். "பதில் சரிதான். படிகத்துக்குள்ள இருந்த தண்ணி" என்றார். குழாய் ஆறியதும் ஒரு சொட்டு விடச் சொன்னார்.

அவள் தண்ணீர் எடுத்த இங்க் ஃபில்லரை என்னிடம் நீட்டினாள். "இந்தா, வெள்ளத்த நீயே விடு."

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். அவள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு விழுந்த இடம் மட்டும் நீலமானது. "அடியே, திரும்ப வந்துருச்சு" என்று தோளால் என் தோளை இடித்தாள்.

பிற்பகல் லென்ஸ் பாடம். அவள் பக்கத்தில் போய் நின்றேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். மணி அடித்ததும் ஓடைப்பட்டி பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து அம்மா போன் செய்தாள்.

"கூட ஒக்கார ஆளு கெடச்சுதா ஆத்தா?"

"கெடச்சுட்டாம்மா."

"எந்த ஊர்ப் பிள்ள?"

"ஓடைப்பட்டி."

மறுநாள் அவளுடைய ஜோடிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.