அந்த வியாதி இல்லை

எந்த நோய் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வது? நாங்கள் தவறான நோய்க்குப் பயந்து வேண்டிக்கொண்டோமோ என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நான் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். அம்மாவும் அண்ணனும் விழுப்புரத்தில். அண்ணன் குட்டியானை வண்டியில் லோடு ஓட்டுகிறான். அவன் இடுப்பில் தேமல் போல வெளிறியபோது, படர்தாமரை என்று மெடிக்கலில் க்ரீம் வாங்கித் தடவினான். அரிப்பு அடங்கும், மறுபடி வரும். தொடைக்கும் முதுகுக்கும் பரவியதும் என் மாமியார் கேட்டார்: "உங்க அண்ணனுக்கு அந்த வியாதி ஏதும் இல்லியே? அவரு மடியில புள்ளய உக்கார வெச்சி எப்படிம்மா காது குத்துறது?"

தொழுநோய் என்ற சொல்லை எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

விழுப்புரத்துத் தோல் டாக்டரிடம் நானும் போனேன். அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு தேமலாகத் தொட்டார். "இங்க… இங்க… ஐயோ, அங்க கூசுது சார்" என்றான். உணர்ச்சி இருந்தது. காது மடலில் கீறிப் பார்த்ததிலும் கிருமி இல்லை. தோலில் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் கரப்பான் என்கிற சாதாரணத் தோல் அழற்சி போலத் தெரிகிறது என்று வந்தது. "எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கு. க்ரீம நிறுத்திட்டு மறுபடி வாங்க" என்றார் டாக்டர். எங்கள் காதில் விழுந்தது 'அந்த வியாதி இல்லை' என்பது மட்டும்தான்.

அம்மா கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தார். மாமியாரும் இறங்கி வந்தார். அண்ணன் மடியில் வைத்தே என் பையனுக்குக் காது குத்தினோம். அவன் போட்ட சத்தத்தில், "டேய், நான் உன் மாமன்டா, வில்லன் இல்ல" என்று அண்ணன் சிரித்தான்.

க்ரீமை அண்ணன் நிறுத்தவில்லை. அதன்பின் தேமல்கள் தடித்தன. அக்குளில் நெறி கட்டியது. "கண்ட க்ரீமையும் தடவிக்கினு வந்தா எனக்கு என்னம்மா தெரியும்?" என்று டாக்டர் கோபப்பட்டார். சில வாரம் எதுவும் தடவாமல், அரிப்பில் தூங்காமல் கிடந்தான். மறுபடி தோலிலும் நெறியிலும் துணுக்கு எடுத்து, வெளியூர் அனுப்பிச் சோதித்தார்கள். டி-செல் லிம்போமா என்கிற புற்றுநோய்.

உடம்பைக் காக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையே கெட்டுப்போய்த் தோலில் பெருகுகிறது என்று டாக்டர் விளக்கினார். கரப்பானிலும் அதே அணுக்கள்தான் கூடுமாம்; காக்க வந்தவையா, கெட்டுப்போனவையா என்று ஆரம்பத்தில் பிரித்துச் சொல்வது கடினமாம். தொழுநோயா என்று மறுபடியும் கேட்டேன். "அதுவா இருந்திருந்தா மாத்திரையிலயே குணமாக்கியிருக்கலாம்மா. இது நெறி வரைக்கும் போயிடுச்சி. கட்டுக்குள்ள வெக்கப் பார்க்கலாம். அதுக்கு மேல நான் சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் அண்ணன், "பாப்பா, அம்மா கிட்ட சொல்ல மாட்டன்னு புள்ள தலையில அடிச்சி சத்தியம் பண்ணு" என்றான். இடுப்பில் இருந்த பையன் தலையில் கை வைத்தேன். ஏன் வைத்தேன்?

புதுச்சேரியில் சிகிச்சைக்கு வரச் சொன்ன நாளில் லோடு இருக்கிறது என்றான். அடுத்த முறையும் அதையே சொன்னான். "முடி கொட்டினா அம்மா கேக்கும். என்ன சொல்றது? எப்படியும் போகப் போற உசுரு. வுடு பாப்பா."

அம்மா சொன்னால் மட்டும்தான் கேட்பான். அம்மாவோ போனில், "அதான் அந்த வியாதி இல்லன்னு ஆயிடுச்சே, ஏன்டி எப்பவும் அழுதுக்கினே பேசுற?" என்கிறார்.

நான் படித்தவள். சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஆனாலும் குளிப்பாட்டும்போது அவன் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சொன்னாலும் அண்ணன் பிழைப்பான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. சொல்லாவிட்டால் மருத்துவம்கூடப் பார்க்காமல் போய்விடுவான்.

இப்படிச் சத்தியம் செய்துவிட்டுத் தவித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் அம்மாவிடம் சொல்லலாமா? தயவுசெய்து எழுதுங்கள்.