டம்ளர் அடியில் வெட்டிய பெயர்

யார் வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்தாலும், குடித்து முடித்ததும் அடியைத் திருப்பிப் பார்க்காமல் என்னால் கீழே வைக்க முடியாது. என் மகள், "அம்மா, மானத்த வாங்காதீங்க லா," என்று தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்கு என்ன தெரியும்? அந்த இடத்தில் வெட்டிய ஒரு பெயரால்தான் அவள் பிறந்தபோது அவளுடைய அப்பா பக்கத்தில் இல்லாமல் போனார். வெட்டச் சொன்னவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரம் இறக்குமதி செய்யும் கடையில் நான் கிளார்க். மெட்ராஸிலிருந்து சாமான் வரும். பாதி இங்கேயே விற்கும், மீதி வேறு நாடுகளுக்குக் கப்பலேறும். முதலாளியின் குடும்பம் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கே கடை போட்டவர்கள். நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் வந்துவிட்டால் எதிரில் நிற்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மெட்ராஸுக்குத் தமிழில், மற்ற நாடுகளுக்கு ஆங்கிலத்தில். தமிழ்க் கடிதங்களை அவர் திரும்பப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார், அவ்வளவு நம்பிக்கை.

என் கணவர் அதே கடையின் கிடங்கில் பெட்டி பிரித்து, சரிபார்த்து, திரும்பக் கட்டும் வேலையில் இருந்தார். நான் இங்கே பிறந்தவள். அவர் லால்குடிப் பக்கம். இரண்டு குடும்பமும் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம், அந்த வழியில் வந்த சம்பந்தம், கல்யாணம் அங்கேதான் நடந்தது. அவர் சிங்கப்பூரில் இருந்தது ஒரு பெர்மிட்டில். ஆண்டுதோறும் முதலாளி பாரத்தில் கையெழுத்துப் போட்டால் இருக்கலாம். போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கு அப்போது ஏழாம் மாதம். அந்த ஆண்டுப் பாரம் முதலாளியின் மேசையில், கண்ணாடி எடைக்கல்லுக்கு அடியில் கிடந்தது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஆஸ்திரேலியாவில் ஒரு கடைக்காரர் முதல் தடவையாக எங்களிடம் டம்ளரும் கிண்ணமும் கேட்டிருந்தார். மெட்ராஸுக்கு ஆர்டர் கடிதம் எழுதினேன். முதலாளி சொன்னதையெல்லாம் எழுதி முடித்தபின் என் கை சும்மா இருந்ததா? இல்லை. என் கல்யாணத்தில் வந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றிலும் என் பெயரும் ஊர்ப் பெயரும் புள்ளி புள்ளியாக வெட்டித் தந்திருந்தார்கள். பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுப்பது அங்கே வழக்கம். இங்கே வளர்ந்த எனக்கு அது அப்படியொரு அதிசயமாக இருந்தது. அந்த மயக்கத்தில் கடைசி வரியாக நானே சேர்த்தேன்: 'ஒவ்வொரு உருப்படியின் அடியிலும் எங்கள் கடைப் பெயரையும் சிங்கப்பூர் என்பதையும் இங்கிலீஷ் எழுத்தில் வெட்டி அனுப்பவும்.' வெள்ளைக்காரன் காப்பி குடித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தால் நம் கடைப் பெயர் தெரியட்டும், முதலாளி பார்த்து மகிழ்ந்துபோகட்டும் என்று நினைத்தேன். அதிகப்பிரசங்கி!

சாமான் வந்தது. பெட்டியைப் பிரித்துக் காட்டினார் என் கணவர். பளபளவென்று இருந்தது. பக்கவாட்டில் 'மேட் இன் இந்தியா' என்று ஒரு காகித வில்லை, அடியில் அழகாக எங்கள் கடைப் பெயரும் சிங்கப்பூரும். முதலாளி அந்த வாரம் பினாங்கு போயிருந்தார். அவர் வந்ததும் காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்று நான் காத்திருந்தேன்.

மறுநாள் காலைத் தபாலில் ஆஸ்திரேலியாக்காரரின் கடிதம் வந்தது. பொருள் எந்த நாட்டில் செய்ததோ அந்த நாட்டின் பெயர் ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்க வேண்டும். வேறு நாட்டில் செய்ததாக எண்ண வைக்கும் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள், முழுச் சரக்கும் உங்கள் தலையில்தான் என்று எழுதியிருந்தார். நான் படித்தேன், திரும்பப் படித்தேன். காகித வில்லை தண்ணீர் பட்டால் உரிந்துவிடும். வெட்டிய சிங்கப்பூர் எப்படிப் போகும்? வயிற்றில் பிள்ளை உதைத்தது, அதுகூட எனக்குக் கோபமாக வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு ஓடினேன். கணவர் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒரு டம்ளரை எடுத்து அடியைத் தடவிப் பார்த்தார்.

"என்னங்க, முதலாளி திங்கக்கிழமை வந்துடுவாரு. அன்னைக்கே சொல்லிடறேன்."

"பாரம் மேசையில கெடக்குது புள்ள. கையெழுத்து விழட்டும். அதுவரைக்கும் மூச்சு விடாத."

"அதுக்குள்ள பாத்துட்டா?"

"பாக்க மாட்டாரு. உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சா போயிரும். நான் பாத்துக்கிறேன்."

எனக்கு அது சரியென்றே பட்டது. பயந்தவளுக்கு எந்த வழியும் சரியென்றுதான் படும். சனிக்கிழமை கடை பூட்டியதும் இரண்டு பெரிய பைகளில் டம்ளர்களை அடுக்கித் துணி போட்டு மூடி, பஸ் பிடித்து தோ பாயோவுக்குக் கொண்டு வந்தார். அங்கே ஓர் அடுக்குமாடிப் புளோக்கில் ஆறாவது மாடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து ஆளுக்கொரு உப்புத்தாளோடு உட்கார்ந்தோம். குனிந்து தேய்க்க வயிறு இடித்தது. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு தேய்த்தேன். அந்தப் புள்ளிகள் லேசில் போகிற ஜாதியா? முதல் எழுத்து போவதற்குள் விரல் நுனி எரிந்தது. கடைசியில் பெயர் போனது, கூடவே பளபளப்பும் போனது. அடி முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கீறல். விம் போட்டுக் கழுவினேன், விபூதிகூடப் பக்கத்து வீட்டில் வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். கீறல் கீறலாகவே இருந்தது. மத்தியானம் ஆகும்போது ஒரு பையைக்கூட முடிக்கவில்லை. கிடங்கில் பெட்டி பெட்டியாக மிச்சம் இருந்தது, வியாழக்கிழமை கப்பல்.

"மாதாவே, இந்த ஒரு தடவை," என்று வாய்விட்டு அழுதேன். கணவர் தலையைத் தூக்கவேயில்லை. தேய்த்துக்கொண்டே, "அழுதா தேயாது புள்ள," என்றார்.

திங்கட்கிழமை காலை அந்தப் பைகளைத் திரும்பக் கொண்டுபோனோம். முதலாளி வர மத்தியானம் ஆகும் என்றுதான் நினைத்திருந்தோம். அவரோ ராத்திரி ரயிலில் வந்து, விடிந்ததும் கடை வாசலில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பையில?"

கணவர் பதில் சொல்வதற்குள் அவரே துணியை விலக்கிவிட்டார். ஒரு டம்ளரை எடுத்தார். கீறலைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார், அது தேய்க்காதது. கடைப் பெயரும் சிங்கப்பூரும் இருந்தன. முகம் மாறியது.

"என்ன இது? சரக்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கே? யாரு இத வெட்டச் சொன்னது?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான். அது என் வாயில் இருந்தது. நான் சொன்னால் என்ன ஆகும்? என் வேலை போகும், அவ்வளவுதான். நான் இந்த நாட்டுக்காரி, என்னை எங்கே அனுப்ப முடியும்? வேறு கடையில் வேறு மேசை கிடைக்கும். இந்தக் கணக்கெல்லாம் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

"நாந்தான் முதலாளி," என்றார் என் கணவர். "ஊர்ல அப்படித்தான் வெட்டுவாங்க. நாந்தான் எழுதச் சொன்னேன்."

நான் அவர் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. முதலாளி கத்திக்கொண்டே இருந்தார். சந்தில் பூக்கட்டும் அம்மா, எதிர்க் கடைக்காரர், எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கணவர் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உயிர் வந்தது. முதலாளியின் மேசைக்குப் போய் நின்றேன்.

"முதலாளி, அவரு பொய் சொல்றாரு. எழுதினது நான். என் புத்தியிலதான் எழுதினேன். மாதா மேல சத்தியம்."

அவருடைய கோபம் அதற்குள் ஆறியிருந்தது. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதைவிட அவர் கத்தியிருக்கலாம்.

"புருஷனக் காப்பாத்தப் பொய் சொல்றியாம்மா? எழுதுற கை உன் கைதான், எல்லாக் கடுதாசியும் நீதானே எழுதுற. சட்டியில பேரு வெட்டுற புத்தி இங்க பொறந்த புள்ளைக்கு எங்கேர்ந்து வரும்? அது ஊர்லேர்ந்து வந்தவன் புத்தி."

"எனக்குத் தெரியும் முதலாளி, என் கல்யாணச் சட்டியில..."

"போம்மா. மாசமா இருக்கிற பொண்ணு. போய் உக்காரு."

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. நான் எங்கே பிறந்தேன் என்பதைப் பார்த்தார், என் கணவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்த்தார், யார் செய்தது என்று முடிவு கட்டிவிட்டார்.

இதற்குப்பின் நடந்ததைச் சொன்னால் நெஞ்சு வெடிக்கும். ஆஸ்திரேலியாக் கடிதத்தைப் படித்ததும் முதலாளி ஒரு போன் போட்டார். காலாங் பக்கத்தில் பாலிஷ் பட்டறை வைத்திருந்த ஒரு சீனர் லாரியோடு வந்தார். ஒரு டம்ளரைத் திருப்பிப் பார்த்து, "ஸ்மால் திங் லா," என்றார். புதன்கிழமை மாலைக்குள் எல்லாம் திரும்பி வந்தன. அடி கண்ணாடி மாதிரி இருந்தது. நாங்கள் கீறியவற்றுக்கு மட்டும் இரண்டு தடவை பாலிஷ் பிடித்ததாம். மேட் இன் இந்தியா என்று முத்திரை குத்தியும் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை கப்பல் போனது. ஆஸ்திரேலியாவில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதல் நாளே நான் வாய் திறந்திருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும்.

முதலாளி பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. "தப்புப் பண்ணினத மன்னிச்சிருப்பேன். எனக்குத் தெரியாம சரக்க வெளிய எடுத்துட்டுப் போனவன நாளைக்கு எப்படிக் கிடங்குல விடுவேன்?" என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதுதான் கொடுமை. என் கணவரை ஊருக்கு அனுப்பிவிட்டு அதே மேசையில் உட்கார்ந்து அதே மெட்ராஸுக்கு நான் கடிதம் எழுதினேன்.

அவர் பெட்டி கட்டும்போது எங்கள் அறையில் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்த ஒரு டம்ளர் அகப்பட்டது. பெயர் அழியாமல் இருந்தது. அதைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். டம்ளர் மிஞ்சியதைக் கடையில் சொல்லிவிட்டேன், முதலாளி கையை அசைத்துப் போகச் சொன்னார்.

அவர் போன இரண்டாவது மாதம் மகள் பிறந்தாள். ஊரிலிருந்து கடிதம் வந்தது. 'எல்லாரும் சிங்கப்பூர் டம்ளர் என்று கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். மெட்ராஸில் செய்தது என்றால் நம்பவில்லை. சொல்வதை நான் விட்டுவிட்டேன். பிள்ளை யார் ஜாடை?'

வேறொரு முதலாளி மூலம் அவருக்குப் பெர்மிட் கிடைத்து அவர் திரும்பி வந்தபோது மகளுக்கு இரண்டரை வயது. ஏர்போர்ட்டில் அவர் கை நீட்டியதும் அவள் அலறிக்கொண்டு என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை மடக்கிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

'அன்றைக்கு ஏன் பேசாமல் நின்றாய்?' என்று அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. பயந்துவிட்டேன், நாக்கு எழவில்லை என்று நான்தான் நாலைந்து தடவை வலியச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார். நான் சொல்லும் அந்தக் காரணம் உண்மையில்லை. அவர் "நாந்தான்" என்று சொன்ன அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி.