அவர் படிக்காமல் விட்ட வரி

உள்ளறையில் 'பீப்' என்று ஒரு சத்தம். சற்று விட்டு இன்னொன்று. மூன்றாவதும் கேட்டதும் அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"உன் ஓட்டைக் கம்ப்யூட்டர் காலையிலேயே ஒப்பாரி வைக்குது பாருடி," என்றாள் அவளுடைய அக்கா.

"வைக்கட்டும்க்கா. இன்னிக்கு முப்பது பேரு புதுசா சேர்றாங்களாம்."

அவள் பதினோரு வருடம் வேலை பார்த்த மென்பொருள் அலுவலகத்தில் அவளுக்கு 'இன்ஸ்டால் அக்கா' என்றுதான் பெயர். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரின் கணினியையும் வேலைக்குத் தயாராக்கித் தருவது அவள் பாடு. மொத்தம் எண்பத்து மூன்று படிகள்; ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒரு கணினிக்கு முழுதாக இரண்டு நாள் பிடிக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் கண் எரிய உட்கார்ந்து, அத்தனை படிகளையும் தானாகவே செய்து முடிக்கும் ஒரு சின்ன நிரலை, ஸ்கிரிப்ட்டை, எழுதினாள். ஒரு கட்டளை போதும், நாற்பது நிமிடத்தில் கணினி தயார்.

எந்தெந்த மென்பொருள் வேண்டும் என்ற பட்டியலை வைக்க ஒரு பழைய கணினி கேட்டாள். "அதுக்கெல்லாம் மெஷின் கிடையாதும்மா," என்று கையை விரித்தார் மேனேஜர். பட்டியலைத் தன் வீட்டுக் கணினியிலேயே வைத்தாள். ஒவ்வொரு புதுக் கணினிக்கும் ஸ்கிரிப்ட் வந்து அந்தப் பட்டியலைக் கேட்கும்போதெல்லாம் அது 'பீப்' என்று குரல் கொடுக்கும்; பட்டியல் கிடைக்காவிட்டால் ஸ்கிரிப்ட் ஓடாது.

அதற்குப் பிறகு நடந்தது அநியாயம்! ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் அவள் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார் மேனேஜர். மேடையேறி விருது வாங்கினார். அடுத்த மாதமே அவளை அழைத்து, "எல்லாம்தான் தானா நடக்குதே, இனி உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பினார். பெற்ற பிள்ளையைக் கொண்டே தாயின் கழுத்தை அறுத்த கதைதான்.

அழுதாள். ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் உள்ளறையில் 'பீப்' கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் வரியில் பெயரை மாற்றிய மனிதர் பன்னிரண்டாம் வரியைப் படிக்கவே இல்லை! அவள் வீட்டுக் கணினியின் முகவரி அங்கே அப்படியே இருந்தது.

அன்றே அந்தக் கணினியின் பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள், இந்த முப்பது பேருக்காக.

இப்போது உள்ளே போய்ப் பிடுங்கினாள்.

மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வியர்த்து வழிய நின்றார் மேனேஜர்.

"மூணு பேருக்குத்தான் முடிஞ்சுது. இருபத்தேழு பேரு சும்மா உக்காந்திருக்காங்கம்மா. முதலாளி என்னைக் கிழிச்சுத் தொங்கவிடுறார்."

"அடடா! தானா நடக்கும்னீங்களே சார்?"

"குத்திக் காட்டாதீங்க. பன்னெண்டாம் வரியை இப்பத்தான் பார்த்தேன். அந்தப் பட்டியலை மட்டும் குடுங்க."

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அவள் அக்கா டம்ளரை நீட்டினாள். "குடிச்சிட்டு, நீங்களே காய்ச்சினதுன்னு சொல்லிடாதீங்க."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு வரி எழுதுங்க சார். இந்த ஸ்கிரிப்ட்டை எழுதினது நான், என் பேரை அழிச்சது நீங்கன்னு. ஆபீஸ் மொத்தத்துக்கும் அனுப்புங்க. அடுத்த நிமிஷம் பிளக்கைச் சொருகுறேன்."

அவர் போனில் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். கடைசியில் அவளிடம் காட்டினார். 'இது நாங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கியது.'

மன்னித்துவிடலாமா என்று ஒரு கணம் இளகியிருந்த நெஞ்சு கல்லானது. அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"எண்பத்து மூணு படியும் இதுல இருக்கு. ஒருத்தருக்கு ரெண்டு நாள். சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு உக்காருங்க. அட்டையில என் பேரு இருக்கு, அதையும் அழிச்சுக்குங்க. பேனா இருக்கா, தரட்டுமா?"

செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு, நோட்டை அக்குளில் இடுக்கியபடி படியிறங்கினார். அவர் தெருவைத் தொடும் வரை பார்த்துக்கொண்டு நின்றவள், கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.