மூன்று தரம் வாங்கிய முட்டை

சுன்னாகத்துக்கும் அளவெட்டிக்கும் இடையில், வெங்காயத் தோட்டங்களின் நடுவே, உலக சரித்திரம் இதுவரை கவனிக்கத் தவறிய ஒரு மேல்மாடி வீடு இருக்கிறது. அதில் வாழ்பவர் திரு. கிருபைரட்ணம். பேரரசர்கள் நாடுகளை மீட்டார்கள். இவர் ஒரு காணி உறுதிப் பத்திரத்தை மீட்டார். பட்ட பாடு இரண்டிலும் ஒன்றுதான். இவருடைய போரில் யானைகள் இல்லை, அவ்வளவே.

வீடு உண்மையில் அவருடையதல்ல. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்மகன் சொந்த வீட்டில் இருக்கிறான் என்றால், அது அவனுடைய மனைவியின் வீடு என்று பொருள். திருமதி சுகிர்தத்துக்கு அவருடைய தகப்பனார் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு அது. கீழ்வீடு மட்டும். மேல்வீடு கிருபைரட்ணத்தின் கைவண்ணம். ஒரே மகள் ரேச்சலுக்குச் சீதனம் கொடுக்க வேண்டுமே என்ற பொறுப்பில், மனைவியின் சீதன உறுதியை வங்கியில் ஈடு வைத்து, கடன் எடுத்து, மேலே ஒரு வீட்டைக் கட்டினார். பிறகு மெல்பேர்னில் இருந்து மாப்பிள்ளை வந்தார். நல்ல பிள்ளை, முற்போக்குவாதி. தனக்குச் சீதனமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊரெல்லாம் மெச்சியது. கிருபைரட்ணமும் மெச்சினார். கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கலாம் என்பது மட்டுமே அவருடைய அபிப்பிராயம். கூரைக்குக் கொங்கிரீட் போட்டு அப்போது மூன்று கிழமையாகியிருந்தது.

மகள் மெல்பேர்னுக்குப் போனாள். மேல்வீடு நின்றது. கடனும் நின்றது.

ஓர் அரச அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்த கிருபைரட்ணம், அறுபது வயதுவரை நாற்காலியில் இருந்திருக்கலாம். ஐம்பத்தைந்தாவது பிறந்த நாள் முடிந்த கையோடு ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தார். அலுவலகம் திகைத்தது. அவருக்கு நோய் வருத்தமோ என்று விசாரித்தது. வருத்தம் ஏதும் இல்லை. வேலைக்குப் போவது செலவு பிடித்த பொழுதுபோக்கு என்று அவர் கண்டுபிடித்திருந்தார். பஸ் காசு, வாராவாரம் யாருக்காவது பிறந்தநாள் கேக், மாறிப்போகிறவருக்குப் பிரியாவிடைப் பரிசு, மாறிவருகிறவருக்கு வரவேற்புத் தேநீர், ஒருமுறை மட்டும் கண்ட ஓர் உயரதிகாரியின் மாமியாருக்கு மலர்வளையம். இத்தனையையும் கழித்தால், அவர் அரசாங்கத்துக்குச் சம்பளம் கொடுத்து வேலை செய்துகொண்டிருந்தார். ஆகவே ஓய்வு. கிடைத்த பணிக்கொடையை அப்படியே வங்கியில் கொண்டுபோய்க் கடனின் தலையில் போட்டார். மிச்சத்தை ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துக் கட்டுவது என்று முடிவாயிற்று.

அந்த முடிவுக்குச் சுகிர்தத்தின் சம்மதம் வேண்டியிருந்தது. அவர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். நிபந்தனையைப் புரிந்துகொள்ள, எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்பின் பண்டிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, தோட்டத்தில் விளைந்ததையும் வீட்டில் வளர்ந்ததையும் ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். சுகிர்தத்தின் தகப்பனார் முன் கதிரையில் இருந்து கணீரென்ற குரலில் விலை கூறிக் கேள்வி கேட்டவர். மருமகன் கிருபைரட்ணமோ, கலியாணம் முடித்த முதல் வருடமே, ஏலம் தொடங்கும் நேரத்தில் வெளியே சைக்கிள்களுக்குக் காவல் நிற்கும் பொறுப்பைத் தாமாக ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு வருடமும் அந்தப் பதவியை அவர் விட்டுக் கொடுத்ததில்லை. எங்கள் ஊரில் சைக்கிள் களவு போய் வெகுகாலம். ஆனாலும் நின்றார். சுகிர்தம் ஆண்டுதோறும் தகப்பனாரின் கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் தனியாக இருந்தார்.

"என்ரை அப்பாவின்ரை உறுதியை ஈடு வைச்சிருக்கிறியள். ஓம், பிள்ளைக்காகத்தான். நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் அது வீட்டை வந்து சேர்ந்த பிறகு வாற அறுப்பின் பண்டிகையிலை, நீங்கள் முன் கதிரையிலை எனக்குப் பக்கத்திலை இருந்து, சபை கேக்க ஒரு கேள்வி கேக்கவேணும். ஒண்டு போதும்."

கிருபைரட்ணம் சம்மதித்தார். கடன் முடிய வருடங்கள் கிடந்தன; அதற்குள் ஏலத்தையே நிறுத்திவிடவும் கூடும்.

பிறகு தொடங்கியது சிக்கன யுத்தம். காலைத் தேநீரில் சீனி நின்றது. ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடிக்காமல், தடவிக்கொடுப்பதுபோல் பல்லில் வைத்து எடுத்துத் தேநீர் குடிக்கும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். காலையில் தொட்ட துண்டு மாலையிலும் அதே பருமனில் இருந்தது. கேட்டவர்களுக்கு நீரிழிவு என்று சொன்னார். முருங்கை மரம் வீட்டின் உணவு அமைச்சாயிற்று: திங்கள் காய், செவ்வாய் இலை, புதன் பூ, வியாழன் மீண்டும் காய். கிணற்று மோட்டருக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் கையால் தண்ணீர் அள்ளினார், அது தேகப்பியாசம். சந்தைக்கு, வியாபாரிகள் கடையைக் கட்டும் நேரம் பார்த்துப் போனார். அது வியாபாரிகளுக்கு உதவி. மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுப் பழைய சைக்கிளுக்கு மாறினார். யாழ்ப்பாணம் முழுக்கத் தட்டையாக இருக்கிறதே, மிதிக்காமல் போக ஓர் இறக்கம் இல்லையே என்பது படைப்பைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே மனக்குறை.

குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் சூசைதாசன், ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் இவர் வாசற் படலையில் நிற்பார். பெட்டியில் எஞ்சியதற்குத்தானே இவரிடம் விலை. ஒருநாள் அவரும் பொறுக்கமாட்டாமல், "ஐயா, நீங்கள் வாங்குற மீனைப் பாத்து உங்கடை பூனை என்னோடை கோவமாய் இருக்குது," என்றார். கிருபைரட்ணம் அதைக் காரணம் காட்டி இன்னும் இருபது ரூபா குறைத்தார்.

மேல்வீட்டையும் சும்மா விடவில்லை. நெல்லியடியிலிருந்து வந்து வேலைசெய்யும் நிரோஜினி என்ற பெண்ணுக்கு வாடகைக்குக் கொடுத்தார். அவள் வேலை செய்தது, கடன் கொடுத்த அதே வங்கியின் கடன் பகுதியில். வங்கி அவளுக்குச் சம்பளம் கொடுக்கும். அவள் இவருக்கு வாடகை கொடுப்பாள். இவர் அதை வங்கியில் கட்டுவார். அவளே பற்றுச்சீட்டு எழுதுவாள். பணம் என்பது சுற்றி வருவது என்று பொருளியலாளர்கள் சொல்வதை இந்த ஒரு படிக்கட்டில் கண்கூடாகக் காணலாம்.

இப்படியாக, எட்டு வருடத்துக்கென்று எடுத்த கடனைப் பாதிக்கும் குறைவான காலத்தில் அவர் முடித்தார். கடைசிப் பணம் கட்டிய வெள்ளிக்கிழமை வங்கி முகாமையாளர் எழுந்து கைகொடுத்தார். இவ்வளவு நேர்மையான வாடிக்கையாளருக்கு இன்னும் பெரிய கடன் ஒன்று தரத் தயாராக இருப்பதாகவும் தெரிவித்தார். கிருபைரட்ணம் அதற்கு நன்றி சொல்லி, சுவர்க் கலண்டர் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு, ஒன்றை வாங்கிக்கொண்டு, உறுதியை நெஞ்சோடு அணைத்தபடி சைக்கிளில் வந்தார்.

சுகிர்தம் உறுதியை வாங்கி, தகப்பனாரின் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அறுப்பின் பண்டிகை வாற ஞாயிறு. நினைவிருக்குதே?"

அன்று முழுக்கக் கிருபைரட்ணம் முருங்கை மரத்தடியில் உலாவினார். வாக்கை மீறுவது பற்றி அவர் யோசிக்கவில்லை. அவர் கண்ணியமான மனிதர். ஆகக் குறைந்த விலையில் அதை நிறைவேற்றுவது எப்படி என்றுதான் யோசித்தார். சுன்னாகச் சந்தை விலைகளை மனத்தில் ஓடவிட்டார். பூசணிக்காய் ஆபத்து. வாழைக்குலை பேராபத்து. வெங்காயப் பிடியை நம்ப முடியாது. ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. சனிக்கிழமை காலை மனைவியிடம் தமது திட்டத்தை முன்வைத்தார்: இந்த வருடம் காணிக்கையாக எங்கள் சிவப்புப் பேட்டுக் கோழியின் முட்டை ஒன்றைக் கொண்டுபோவோம். ஒன்று போதும். அதை ஏலத்தில் நானே கேட்கிறேன். நாட்டுக்கோழி முட்டை, தரம் தெரிந்த பொருள், திரும்ப வீட்டுக்கே வந்துவிடும்.

சுகிர்தம் உடனே சம்மதித்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் சுகிர்தம் எதற்கும் உடனே சம்மதித்ததில்லை. அந்த இடத்திலேயே கிருபைரட்ணம் விழித்திருக்க வேண்டும்.

ஏனென்றால், சைக்கிள்களுக்குக் காவல் நின்றவர் அறியாத ஒரு வழமை பந்தலுக்குள் இருந்தது. பூசணிக்காயை வாங்குகிறவர் பூசணிக்காயோடு வீட்டுக்குப் போவார். அது வியாபாரம். ஆனால் ஒரு முட்டை, தேசிக்காய் என்கிற ஓர் எலுமிச்சை, ஒரு பிடி கீரை போன்ற அற்பப் பொருளை வாங்குகிறவர், காசைக் கொடுத்துவிட்டுப் பொருளைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பார். அது மறுபடி ஏலம் போகும். அடுத்தவரும் கொடுப்பார். சபை உற்சாகமாக இருந்த ஒரு வருடம், ஒரு தேசிக்காய் ஆலயத்தின் ஒரு பக்கச் சுவருக்கு வெள்ளையடித்தது. பந்தலில் ஆக விலைகூடிய பொருள் முட்டைதான்.

ஞாயிற்றுக்கிழமை பந்தலின் முன் கதிரையில், சுகிர்தத்துக்குப் பக்கத்தில், கிருபைரட்ணம் உட்கார்ந்தார். சைக்கிள்கள் அனாதையாக நின்றன. ஏலம் கூறியவர் சபைச் செயலாளர் ஜொனதன், சுகிர்தத்தின் தம்பி. அவர் அத்தானைப் பார்த்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வாழைக்குலையும் பூசணியும் போய், தட்டத்தில் முட்டை வந்தது.

"நாற்பது ரூபா," என்றார் கிருபைரட்ணம்.

பந்தல் திரும்பியது. அந்தக் குரலை ஏலத்தில் யாரும் கேட்டதில்லை. ஜொனதன் ஒருதரம், இரண்டுதரம் என்று தரம் சொல்ல மறந்து வாயைத் திறந்தபடி நின்றார். அந்த இடைவெளியில் பின்னால் இருந்து யாரோ நூறு என்றார்கள். கிருபைரட்ணம், எந்த மடையன் என்று பார்த்துவிட்டு, நூற்றிப்பத்து என்றார். அவ்வளவுதான். கிருபைரட்ணத்தை இன்னும் ஒருதரம் பேசவைக்க வேண்டும் என்ற பக்தி சபை முழுவதையும் பற்றிக்கொண்டது. இருநூறு என்றார்கள், முந்நூறு என்றார்கள். வேர்த்து விறுவிறுத்து அறுநூறில் முட்டை அவருக்கு விழுந்தது. கைதட்டல் வானைப் பிளந்தது. அவர் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு முட்டைக்குக் கை நீட்டினார். ஜொனதன் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தட்டத்தை மறுபடி உயர்த்தினார்.

"அத்தான் முட்டையைச் சபைக்கே திருப்பித் தந்திட்டார். இப்ப ஆர் கேக்கிறியள்?"

"நான் எப்பயடாப்பா தந்தனான்?"

"உது வழமை, அத்தான்."

கணக்குப் பார்த்தே வாழ்கிறவனின் புத்தி இந்த இடத்தில்தான் அவனுக்குச் சத்துருவாகிறது. அறுநூறு ரூபாயை முட்டையில் முதலிட்டாயிற்று. முட்டையை விட்டால் அறுநூறும் போச்சு. இன்னும் கொஞ்சம் போட்டால் முட்டையாவது கிடைக்கும். அவர் மறுபடி கேட்டார். இரண்டாம் முறை ஆயிரத்துக்கு மேல் போயிற்று. மறுபடி கைதட்டல், மறுபடி கைகுலுக்கல், மறுபடி தட்டம் உயர்ந்தது. மூன்றாம் முறை அவர் எழுந்தே நின்றுவிட்டார். அது தங்கள் வீட்டுச் சிவப்புப் பேட்டின் முட்டை, தவிட்டுக்கும் தாங்களே செலவழித்தது என்று சபைக்கு விளக்கிக்கொண்டே விலையை ஏற்றினார். இரண்டாயிரத்துக்கு அதையும் வென்றார். அதையும் இழந்தார். வாழ்நாள் சிக்கனத்தின் நாயகன், தன் சொந்தக் கோழியின் ஒரே முட்டையை மூன்று தரம் வாங்கியும் கையில் முட்டையில்லாமல் நின்றார்.

தட்டம் நாலாம் முறை உயர்ந்தது. அவர் இரண்டாயிரத்து நூறு என்றார்.

"மூவாயிரம்," என்றது பக்கத்துக் கதிரை.

கிருபைரட்ணம் குனிந்து பார்த்தார். "நீரோ?"

"ஓம், நான்தான்," என்றார் சுகிர்தம். தகப்பனாரின் அதே கணீர்க் குரல்.

ஜொனதன் தயங்கினார். "அக்கா, அத்தான்ரை கேள்விக்கு மேலையோ கேக்கிறியள்?"

"ஓம் தம்பி. தரத்தைச் சொல்லும். காசு அவர் குடுப்பார்."

ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். சிரிப்பில் பந்தற்கால்கள் ஆடின. ஜொனதன் கைகுலுக்க வருமுன், சுகிர்தம் எழுந்துபோய்த் தட்டத்திலிருந்த முட்டையைக் கைலேஞ்சியில் சுற்றித் தமது கைப்பையில் வைத்துப் பூட்டினார். வழமையைப் பற்றி அவரிடம் நினைவூட்டச் சபையில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

வீட்டுக்குப் போகும்போது கிருபைரட்ணம் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு நடந்தார். வெங்காயத் தோட்டம் வந்தது.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொன்னால் கேட்டிருக்கமாட்டியள்."

"எல்லாமாய் ஏழாயிரத்துக்குக் கிட்டப் போட்டுது, சுகிர்தம்."

"ஓம். அடுத்த மாசம் வங்கியிலை கட்டுறதுக்கு ஒண்டும் இல்லைத்தானே." சிறிது தூரம் போய், அவரைப் பாராமல் சொன்னார்: "உங்கடை குரல் நல்லாய்த்தான் கேட்டது. அப்பான்ரை குரல் கூட அப்பிடி எடுபடாது."

கிருபைரட்ணம் சைக்கிள் மணியை ஒருதரம் அடித்தார். தெருவில் எவரும் இல்லை. தேய்மானம் என்று அந்த மணியை அவர் தொட்டே வருடங்களாகியிருந்தன.

மதியம் சுகிர்தம் முட்டையை அவித்து, தையல் நூலால் சரிபாதியாக அறுத்து, இரண்டு கோப்பையில் வைத்தார். கிருபைரட்ணம் தம் பாதியைச் சாப்பிட நெடுநேரம் எடுத்துக்கொண்டார். ஒரு வாய்க்கு எவ்வளவு விழுகிறது என்று மனம் கணக்குப் பார்த்ததை அவராலும் தடுக்க முடியவில்லை. ஆனாலும் இவ்வளவு ருசியான முட்டையைத் தாம் சாப்பிட்டதில்லை என்று ஒப்புக்கொண்டார். அடுத்த வருடம் தேசிக்காய் ஒன்று கொண்டுபோனால் என்ன என்றும், பாக்கிச் சுவர்கள் மூன்றும் வெள்ளையடிக்காமல் அசிங்கமாக நிற்பதாகவும் சொன்னார்.

சுகிர்தம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு கோப்பைகளை எடுத்தார்.

"இஞ்சாரும்," என்றார் கிருபைரட்ணம். "உந்த முட்டைக் கோதை எறிஞ்சு போடாதையும். கறிவேப்பிலைக்கு நல்லது."