ஜார்ஜியாவுக்குப் பேசும் ராஜாத்தி

காதில் கருவியை மாட்டிக்கொள்ளும் முன் செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, ராஜாத்தி எழுந்து நின்றுகொள்வாள். பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியில் சாய்ந்து கால் மேல் கால் போட்டுப் பேசுவார்கள். இவளுக்கு அது வராது. "முன்னப் பின்ன தெரியாத வீட்டுக்குள்ள போறோம். எந்திச்சு நின்னாத்தான மருவாதி" என்பாள். இவள் நிற்பது எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியப்போவதில்லை. அவர் அமெரிக்காவில், ஜார்ஜியா மாகாணத்தில், காலைக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார். இங்கே டெல்லியில் விளக்கு வைக்கும் நேரம்.

சவுத் எக்ஸ்டென்ஷனில் ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி அது. முன்பெல்லாம் இந்த மாடியிலிருந்து அவள் தமிழ்நாட்டுக்குப் போன் போட்டு வங்கிக் கடன் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் மழை விட்டதும் வேலை மாறியது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக, அங்கே குடியுரிமை வாங்கிய நம்மவர்களிடம் அவரவர் தாய்மொழியில் பேச ஆள் வேண்டும் என்று யாரோ யாரிடமோ சொல்லி, அது கைமாறிக் கைமாறி இந்த மாடிக்கு வந்து சேர்ந்தது. குஜராத்திக்கு ஒரு வரிசை, தெலுங்குக்கு ஒரு வரிசை, தமிழுக்கு நான்கு பெண்கள். வீட்டு ஆண்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பெண்களும் வயதானவர்களும் தனியாக இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட வேண்டும். அதுதான் உத்தி.

உத்தியை விளக்கியவன் அர்விந்த். முப்பது வயது மேலாளர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அவன் பேசும் தமிழ் இந்தியின் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். "ஆன்ட்டி, ஸ்கிரீன்ல ஒவ்வொரு பேருக்கும் ஒரு நம்பர் இருக்கும். எழுபதுக்கு மேலன்னா நம்ம ஆளு, ஓட்டுப் போட ஞாபகப்படுத்துங்க. முப்பதுக்குக் கீழன்னா சோடோ, விட்டுடுங்க, தேங்க்ஸ் சொல்லி வெச்சுடுங்க. நடுவுல இருக்காங்க பாருங்க, அவங்கதான் அஸ்லி, நெஜமான ஆட்டம்."

நடுவில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உங்களுக்கு மிகவும் கவலை தருவது எது? விலைவாசியா, மருத்துவச் செலவா, பிள்ளையின் விசாவா, தெருவில் திருட்டா? பதிலைத் திரையில் 'கவலை' என்ற கட்டத்தில் நிரப்ப வேண்டும். அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு அந்தக் கவலைக்கு ஏற்ற அட்டை தபாலில் போகும். விலைவாசி என்றவர் வீட்டில் வேட்பாளர் காய்கறிக் கூடையோடு சிரிப்பார். திருட்டு என்றவர் வீட்டில் போலீஸ்காரர்களோடு முறைப்பார். ராஜாத்தி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒரே மாப்பிள்ளைய ஒரு வீட்டுல சாதுங்கதும், அடுத்த வீட்டுல சூரன்ங்கதும். நம்மூருத் தரகன் செய்யுததுதான்."

சொன்னாளே தவிர, வேலையை நன்றாகச் செய்தாள். எழுதிக் கொடுத்த வாசகம், "இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க தருணத்தில் உங்கள் குரல் ஒலிக்க நீங்கள் தயாரா?" என்று இருந்தது. முதல் நாளே அதை ஓரங்கட்டிவிட்டாள். "அக்கா, நான் டெல்லியிலேருந்து ராஜாத்தி பேசுதேன். உங்க ஊருத் தேர்தலுக்காக இன்ன வேட்பாளர் சார்பாக் கூப்பிடுதேன். காப்பி குடிச்சாச்சா? அங்கன குளிரு எப்பிடி இருக்கு?" கோவில்பட்டித் தமிழ். போனை வைக்கப் போன ஆட்கள்கூடக் குளிரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்கள். பெரும்பாலும் வைக்கவே இல்லை. தொண்டை கட்டாமலிருக்க ஐ.என்.ஏ. மார்க்கெட் மலையாளிக் கடையில் வாங்கிய சுக்குக் கருப்பட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, இடது கையால் இடுப்பைப் பிடித்தபடி, சில சமயம் சிரித்து, சில சமயம் 'ச்சொ' கொட்டி, மூன்று மணி நேரம் நின்றபடியே பேசுவாள். அவள் குரலை ஒருவர் பாராட்டியது வாழ்க்கையில் இந்த வேலையில்தான். "ஆன்ட்டி, உங்க கால்ஸை மத்தவங்களுக்குப் போட்டுக் காட்டுறேன்" என்று அர்விந்த் சொன்ன அன்று, தன் வீடு இருக்கும் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் வரை பஸ் ஏறாமல் நடந்தே போனாள். அக்டோபர் மாதத்து ஏழிலைப்பாலை மரங்கள் ரிங் ரோடு நெடுக மணத்துக்கொண்டிருந்தன. ஊரே தலைவலி என்று திட்டும் அந்த வாசம் அவளுக்கு மட்டும் பிடிக்கும்.

அந்த மாதக் கடைசியில்தான் விஜயலக்ஷ்மி என்ற பெயர் திரையில் வந்தது. வயது அறுபத்தொன்று. எண் நடுவில். அதே முகவரியில் கணவர். அவர் எண் தொண்ணூற்றுக்கு மேல்.

"டெல்லியிலிருந்தா?" என்று எதிர்முனைக் குரல் சிரித்தது. கோயமுத்தூர்ப் பக்கத்துக் குரல். "இந்த ஊர்ல யாருக்குப் போடோணும்னு டெல்லியிலிருந்தா சொல்லுவாங்க?"

"சொல்லலக்கா, கேக்கேன். உங்களுக்கு ரொம்பக் கவலையா இருக்கது எது?"

"எனக்கென்ன கவலை அம்மிணி. கவலையெல்லாம் எங்கூட்டுக்காரரே பட்டுக்குவாரு."

ராஜாத்தியும் சிரித்தாள். பிறகு வழக்கமான அடுத்த கேள்வியைக் கேட்டாள். ஓட்டுச் சீட்டு தபாலில் வந்துவிட்டதா, நிரப்பி அனுப்பியாயிற்றா?

விஜயலக்ஷ்மி மெதுவாகச் சொன்னாள். சீட்டு வந்துவிட்டது. எப்போதும்போல் அவர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு சீட்டையும் நிரப்புவார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து இவளிடம் நீட்டுவார். "கெட்டவரு இல்லீங். நமக்கு எதுக்குச் சிரமம்னு அவரே செஞ்சுருவாரு. குடியுரிமைப் பரீட்சைக்கு நூறு கேள்விய மனப்பாடம் பண்ணுனேன் அம்மிணி. எங்க மளிகைக் கடை ஃப்ரீசர் கதவுல ஒட்டி வெச்சு, சாமான் எடுக்கறப்பெல்லாம் படிச்சேன். அதிகாரி கேட்ட ஒண்ணுக்கும் தப்பாச் சொல்லல. கையத் தூக்கிச் சத்தியம் பண்ணுனேன். ஆனா சீட்டுல பேருக்குப் பக்கத்துல இருக்கற வட்டத்தை நானா ஒரு தடவைகூடக் கறுப்பாக்குனதில்லை."

"இந்தத் தடவை நீங்களாப் போட்டா யாருக்குப் போடுவீக?"

விஜயலக்ஷ்மி சொன்ன பெயர், எதிர் வேட்பாளருடையது.

விதிப்படி இங்கே நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டால் அந்த வீட்டின் இரண்டு ஓட்டும் ராஜாத்திக்கு வேலை கொடுத்தவருக்கே போய்ச் சேரும். அவள் கன்னத்திலிருந்த கருப்பட்டியைக் கடித்து விழுங்கினாள். "அக்கா, நாளைக்கு இதே நேரம் கூப்பிடட்டா?" என்றாள்.

வேலை முடிந்ததும் அர்விந்த் மேஜைக்குப் போனாள். "தம்பி, வீட்டுக்குச் சீட்டு வந்துருந்தாலும் நேராப் போயிப் போடலாமா?"

"போடலாம் ஆன்ட்டி. அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் குடுத்தா கேன்சல் பண்ணிட்டு அங்கயே போட விடுவாங்க. சீட்டு கையில இல்லைன்னா ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிப்பாங்க. யாரு, நம்ம ஆளா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "இல்ல. அந்தப் பக்கத்து ஆளு" என்று விஷயத்தைச் சொன்னாள்.

அர்விந்த் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான். "அச்சா. பாவம்தான். ஆனா நாம யாரையும் தடுக்கல ஆன்ட்டி. உதவி பண்ணல, அவ்வளவுதான். தடுக்கறது தப்பு. உதவாம இருக்கறது தப்பில்ல."

அவன் சொன்னதில் ஒரு பிழையும் அவளுக்கு அகப்படவில்லை. வீடு வரை அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணவர் ஜோதிலிங்கத்துக்குச் சோறு போடும்போதும், பாத்திரம் கழுவும்போதும் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பென்சில் புள்ளி மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் மாலை, அர்விந்திடம் கேட்டதோடு தானே கணினியில் தேடி வைத்ததையும் சேர்த்துச் சொன்னாள். விஜயலக்ஷ்மி வீட்டுக்கு அருகில் எந்த நூலகத்தில் முன்கூட்டியே ஓட்டுப் போடலாம், எதுவரை திறந்திருக்கும், என்ன அடையாள அட்டை வேண்டும். "கார் ஓட்டுவீகளாக்கா?"

"கடைக்கு ஓட்டுவேன். நூலகம் அந்த வழியிலதான் இருக்குது." பிறகு குரல் தாழ்ந்தது. "அவரு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"அத நான் சொல்லக்கூடாதுக்கா. எடத்தையும் நேரத்தையும் மட்டுந்தான் சொல்லுதேன்."

"நீ எந்தப் பக்கத்துக்கு வேலை செய்யற அம்மிணி?"

"உங்க வீட்டுக்காரரு பக்கத்துக்குத்தான்."

"அப்பறம் ஏன் எனக்கு இதைச் சொல்ற?"

"தெரியலக்கா. நீங்க சொன்னத நான் கேட்டுட்டேன். கேட்டுட்டுப் பேசாம இருக்க முடியல."

அடுத்த வார நடுவில் இன்னொரு தடவை கூப்பிட்டாள். இம்முறை எடுத்தது கணவர். இரும்பைப் போன்ற குரல். ராஜாத்தி வழக்கமான வணக்கத்தைச் சொன்னாள். "நம்ம ஓட்டெல்லாம் உங்களுக்குத்தானுங். ரெண்டு பேரும் போட்டாச்சு. இனி கூப்பிட வேண்டியதில்லீங்க" என்றார் அவர். வைக்கப் போனவர், "இருங்க, அவகிட்டக் குடுக்கிறேன். தமிழ்ப் பேச்சுக் கேக்கறதுன்னா அவளுக்கு ஆசை" என்று போனைக் கொடுத்துவிட்டுப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மிணி" என்றாள் விஜயலக்ஷ்மி. "போயிட்டு வந்தேன். திங்கக்கிழமை. அந்தச் சீட்டைக் கையோட கொண்டுபோனேன். வரிசையில முக்கா மணி நேரம் நின்னேன். ஒரு கறுப்புப் பொண்ணு மறைப்புக்குள்ள கூட்டிப் போயி விட்டுட்டு, எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன். ராத்திரியே அவர்கிட்டச் சொல்லிப்போட்டேன். ரெண்டு நாளாப் பேசல. இன்னிக்குக் காலையிலதான் காப்பி கேட்டாரு."

"நல்லதுக்கா."

"கடைசியில யாருக்குப் போட்டேன்னு அவருகிட்டச் சொல்லல. நீயும் கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேன்."

போனை வைத்த பிறகு திரை அவளைக் கேட்டது. யாருக்கு வாக்களித்தார்? ராஜாத்தி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

பேச்செல்லாம் பதிவாகிறது என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை, வந்த உடனேயே அர்விந்த் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். தண்ணீர் எடுத்து வைத்தான். "மேல பதிவைக் கேட்டுட்டாங்க ஆன்ட்டி. இந்த ப்ராஜெக்ட்ல வெச்சிருக்க முடியாது. தப்பு பண்ணிட்டேன்னு ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா, பழைய லோன் வேலைக்காவது மாத்தச் சொல்லிப் பாக்குறேன்."

"ஆபீசுக்கு நான் செஞ்சது தப்புதான் தம்பி. சம்பளம் வாங்கிட்டு அடுத்தவுகளுக்கு வேல பாத்துருக்கேன். அத எழுதித் தாரேன். அந்தக்காகிட்டச் சொன்னது தப்புன்னு மட்டும் எழுத மாட்டேன்."

"அப்படிப் பாதி எழுதினா எடுத்துக்க மாட்டாங்க."

"அப்போ வேண்டாம்."

அவன் லிஃப்ட் வரை வந்தான். "ஜாக்கிரதையாப் போங்க ஆன்ட்டி, வெளிய ஸ்மாக், புகைமூட்டம் ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னான்.

வீட்டில் ஜோதிலிங்கம் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அதிர்ந்து பேசாத மனிதர். "என்ன, இன்னைக்கி வெள்ளனே வந்துட்ட?"

"வேல போயிட்டு."

அடுப்பைப் பற்ற வைத்து மாவைத் தேய்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தரையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டார். முதல் புல்கா ரொட்டியைத் தின்று முடித்த பிறகு, "அந்த மனுசனையும் பாக்கணும்லா. நாளெல்லாம் கடையில நின்னு, வீட்டுக் காயிதத்தையும் அவரே பாத்திருக்காரு" என்றார்.

"பாவம்தான்" என்றாள் ராஜாத்தி.

இரண்டாவதைப் பிய்த்தவர் வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார். டெல்லிக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் பள்ளிக்கூடத்து வாசல் வரை அவளைக் கூட்டிப் போய், எத்தனையாவது பொத்தான் என்று காதோரம் சொல்லி உள்ளே அனுப்புகிறவர் அவர்தான்.

"ராசாத்தி."

"ம்."

"நான் சொல்லி அனுப்புத பொத்தானத்தான அமுக்குத?"

அடுப்புத் தீயின் மேல் புல்கா பந்தாக உப்பி வந்தது. ராஜாத்தி அதை இடுக்கியால் எடுத்து, உப்பல் உடையாமல் மெதுவாக அவர் தட்டில் வைத்துவிட்டு, அடுத்த உருண்டையைத் தேய்க்கத் திரும்பிக்கொண்டாள்.